இரண்டு ஜப்பானியர்களும் நம் பொங்கல் பானையும்

மார்கழி பாதி கடந்துவிட்டால் கைப்பேசியில் அந்தச் செய்தி வரத் தொடங்கிவிடும். ஜப்பானிலும் பொங்கல் உண்டு, அங்கேயும் பொங்கலோ பொங்கல் என்று கூவுகிறார்கள், ஆகவே ஜப்பானிய மொழிக்குத் தாய் தமிழ். போன வருடம் ஏழு பேர் அனுப்பினார்கள். ஏழு பேரும் என்மேல் அன்புள்ளவர்கள். அவர்களுக்குப் பதிலாக ஒரு வரி எழுதுவதைவிட விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, பொங்கலோடு நிற்காமல் கள், கருவாடு, குழம்பு, பாட்டு என்று எங்கெங்கோ போய்விட்டது. கடைசியில் நம் பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறையில் வந்து நின்றது. பொறுமையாகப் படியுங்கள்.

அந்தப் பொங்கல் செய்தியின் மூலம் சுசுமு ஓனோ என்ற பேராசிரியர். 1919இல் பிறந்தவர். டோக்கியோவில் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். பழைய ஜப்பானிய மொழிக்கு அகராதி தொகுத்தவர்களில் ஒருவர். 1999இல் அவர் எழுதிய ஜப்பானிய மொழிப் பயிற்சி நூல் அந்த நாட்டில் லட்சக்கணக்கில் விற்றது. ஆகவே அவரை ஏதோ ஆர்வக்கோளாறுக்காரர் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஜப்பானிய மொழி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் அரித்தது. தேடித் தேடித் தமிழில் வந்து நின்றார். இரு மொழிகளின் ஒலி ஒப்புமை பற்றிய அவருடைய நூல் 1980இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 61. நம்மில் பலர் பென்ஷன் புத்தகம் வாங்கிக்கொண்டு திண்ணையில் சாய்ந்த வயதில் அந்த மனிதர் அ, ஆ படித்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொற்கோ அவரோடு சேர்ந்து உழைத்தார். சுமார் 500 சொற்களுக்கு இணை காட்டினார் ஓனோ. நெஞ்சை உருக்கும் உணர்வுக்கு ஜப்பானியர் 'அவரே' என்பார்கள். அதற்கு நம் 'அவலம்' இணை என்றார். நெல்வயலைக் குறிக்கும் 'தம்போ'வுக்கு 'தம்பல்' இணை என்றார்.

சென்னையில் இருந்தபோது பொங்கலைப் பார்த்தார். உடனே அவருக்கு நினைவு வந்தது தம் நாட்டுக் 'கோஷோகாட்சு', அதாவது சிறு புத்தாண்டு. அதுவும் ஜனவரி 15. அன்றைக்கு அங்கே அசுகி என்ற சிவப்புப் பயறு போட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சுவார்கள். புத்தாண்டுக்குக் கட்டிய தோரணங்களைத் தெருவில் குவித்துக் கொளுத்துவார்கள். நம் போகி மாதிரி. சில ஊர்களில் காகத்தைக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்கள். நம் கனுப்பிடி மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலாக, வடகிழக்கு ஜப்பானின் சில கிராமங்களில் அன்று 'ஹொங்கா ஹொங்கா' என்று குரல் கொடுக்கும் வழக்கம் இருந்தது. பழைய ஜப்பானியத்தில் 'ப'வாக இருந்த ஒலி பிற்காலத்தில் 'ஹ' ஆனது. அப்படியானால் 'ஹொங்கா' ஒரு காலத்தில் 'பொங்கா'!

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கும் மயிர்க்கூச்செடுத்தது என்பதை மறைக்கவில்லை.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஜப்பான் நம்மைப்போல ஆங்கில நாள்காட்டிக்கு மாறியது 1873ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில்தான். அதற்கு முன்பு அவர்களுடையது சந்திர மாதக் கணக்கு. சிறு புத்தாண்டு என்பது முதல் மாதத்துப் பதினைந்தாம் நாள், முழுநிலவு நாள். அது பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். நாள்காட்டியை மாற்றியபோது 'முதல் மாதம் 15' என்ற எண்ணை அப்படியே ஜனவரி 15க்குத் தூக்கி வைத்தார்கள். நம் பக்கத்துக் கதையும் இதே மாதிரிதான். தை முதல் நாள் சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். நட்சத்திரங்களை வைத்துப் போடும் கணக்கு என்பதால் ஏறக்குறைய 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. ராஜேந்திரன் நம் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரண்மனை கட்டி வாழ்ந்த காலத்தில் தை பிறந்தது டிசம்பர் கடைசியில். ஆக இரண்டு விழாவும் ஒரே தேதியில் சந்தித்ததே கடந்த 150 ஆண்டுச் சங்கதி.

இன்னொன்று. நாம் பொங்கல் வைப்பது அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில். ஜனவரியில் வடகிழக்கு ஜப்பானில் வயலெல்லாம் பனி மூடிக் கிடக்கும். அவர்களுடைய நெல் அறுவடை இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். சிறு புத்தாண்டு, வரப்போகும் விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வேண்டிக்கொள்ளும் விழா. ஒன்று நன்றி சொல்வது. மற்றது விண்ணப்பம் போடுவது. நெல்லை நம்பிப் பிழைக்கும் மக்கள் எங்கே இருந்தாலும் அரிசியைச் சமைத்துத் தெய்வத்துக்கு வைப்பார்கள், மாட்டையும் காக்கையையும் மறக்கமாட்டார்கள். அதற்கு உறவுமுறை வேண்டியதில்லை.

மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஓனோவின் முடிவை ஏற்கவில்லை. ஜப்பானில் எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது என்பதெல்லாம் கொரிய மொழிக்கும் துருக்கி மொழிக்கும்கூடப் பொருந்தும். ஆயினும் 2008இல் இறக்கும்வரை அவர் தம் கருத்திலிருந்து பின்வாங்கவில்லை. நம் மேடைகளில் அவர் பெயர் இன்றும் முழங்குகிறது. நாம் கேட்க விரும்பியதை அவர் சொன்னார், அதனால்.

சரி, ஒற்றுமை கண்ணில் பட்டால் அதை எப்படி எடைபோடுவது? குடிப்பதையும் தின்பதையும் வைத்துப் பார்ப்போம்.

ஜப்பானியரின் சாக்கே அரிசியிலிருந்து வடிக்கும் மது. நமக்குக் கள் என்றால் பனையும் தென்னையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பழந்தமிழர் அரிசியிலும் கள் சமைத்தார்கள்; அதற்குத் தோப்பி என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாய்த் தட்டில் ஆற்றி, புற்றாஞ்சோறு போலத் தோன்றும் ஓர் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துப் புளிக்கவிட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். சமையல் புத்தகம் எழுதுகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய துல்லியம்.

அந்த அடை என்ன? முளைநெல்லை இடித்துச் செய்தது என்று பொருள் கொள்வார்கள். நெல் முளைக்கும்போது மாவு இனிப்பாக மாறும். அந்த இனிப்பு புளித்து மதுவாகும். ஜப்பானியர் வழி வேறு. வேகவைத்த அரிசியில் 'கோஜி' என்ற பூஞ்சையை வளர்த்து, அதைக்கொண்டு மாவை இனிப்பாக்குகிறார்கள். சீனத்திலும் கொரியாவிலும் பூஞ்சை வழிதான். மூலப்பொருள் ஒன்று, பானம் ஒன்று, பாதை வேறு. சாக்கேயின் சொந்தக்காரர்கள் பக்கத்து வீட்டுச் சீனர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நாமும் அவர்களும் அண்ணன் தம்பி. வீட்டில் மது காய்ச்சுவதை ஜப்பானிய அரசு 1899இல் தடைசெய்தது. வரி வருமானம் குறைகிறதே என்ற கவலை. இங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை. நம் வயதுக்காரர்களில் விடியற்காலைப் பதநீரையும் அந்திக் கள்ளையும் மணத்தாலேயே பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறோம். நமக்குப் பிறகு அந்த மூக்குகள் இருக்காது.

தேநீரையும் சொல்லிவிடுகிறேன். சீனத்தின் ஒரு பகுதியில் அதற்குப் பெயர் 'சா', கடற்கரைப் பகுதி ஒன்றில் 'தே'. ஜப்பானுக்குப் போனது 'சா'. நம்மிடம் 'தேயிலை'யில் இருப்பது 'தே'. மலையாளத்துக்காரர் டீக்கடையில் கேட்கும் 'சாயா'வில் இருப்பது 'சா'. சொற்கள் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறின என்பதைப் பொறுத்த விஷயம் இது. சாயா குடிப்பவரும் ஜப்பானியரும் ஒரு தாய் மக்கள் என்று யாரும் சொல்வதில்லை.

கருவாட்டுக்கு வருவோம். மாசிக் கருவாடு தெரியும் அல்லவா? கட்டைபோல இருக்கும், இடித்துத் தூளாக்கிச் சம்பலில் போடுவார்கள். நம் பக்கத்தைவிடத் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் அதற்கு மவுசு அதிகம். மாலத்தீவில் சூரை மீனை அவித்து, புகை போட்டு, காயவைத்துச் செய்வது. 14ஆம் நூற்றாண்டில் அங்கே நீதிபதியாக இருந்த இபின் பதூதா இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜப்பானியரின் 'கட்சுவோபுஷி' ஏறக்குறைய இதே பொருள். மரம் சீவுகிற மாதிரி இழைப்புளியில் சீவிக் கொதிநீரில் போட்டு ரசம் எடுப்பார்கள். அவர்களுடைய சமையலுக்கு அதுதான் அடித்தளம். புகைபோடும் முறை அங்கே 17ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. மாலத்தீவிலிருந்து கடல்வழியாகப் போயிருக்கலாம் என்று ஜப்பானிலேயே ஊகிப்பவர்கள் உண்டு. பொங்கலைப் பற்றி ஊருக்கு ஊர் கட்டுரை. இந்தக் கருவாட்டைப் பற்றி ஒருவரும் எனக்குச் செய்தி அனுப்புவதில்லை. ஒருவேளை மணம் காரணமாக இருக்கலாம்.

இனி குழம்பு. ஜப்பானியர் 'கரே' என்று ஒன்றை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் உண்டு. அவர்களுடைய கடற்படையில் வெள்ளிக்கிழமை தோறும் உண்டு. அந்தச் சொல்லின் பாட்டன் நம் 'கறி'. சங்கப் பாட்டில் கறி என்றால் மிளகு. பிறகு காய்க்கும் இறைச்சிக்கும் ஆகி, போர்ச்சுக்கீசியர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் புகுந்து, மெய்ஜி காலத்தில் இங்கிலாந்திலிருந்து பொடி டப்பாவாக ஜப்பானில் இறங்கியது. எஸ் அண்டு பி நிறுவனத்தை நிறுவியவர் 1923இல் அந்தப் பொடியை உள்நாட்டிலேயே அரைக்கத் தொடங்கினார். 1963இல் ஆப்பிளும் தேனும் சேர்த்த வெர்மாண்ட் கரே, 1968இல் பையோடு வெந்நீரில் சூடாக்கிச் சாப்பிடும் பான் கரே. வங்காளத்து விடுதலை வீரர் ராஷ் பிஹாரி போஸ் வெள்ளைக்காரனிடமிருந்து தப்பி 1915இல் ஜப்பானுக்குப் போனவர். அவருக்கு அடைக்கலம் கொடுத்த ஷின்ஜுக்கு நாகமுராயா கடையில் 1927இல் உண்மையான இந்தியக் கறியை அறிமுகப்படுத்தினார். அடைக்கலம் கொடுத்த வீட்டுப் பெண்ணைத்தான் மணந்திருந்தார். புரட்சியும் குழம்பும் ஒரே அடுப்பில்.

உறவுக்காரப் பையன் ஒருவன் ஜப்பானிலிருந்து வந்தபோது அந்த வெர்மாண்ட் கட்டியைக் கொண்டுவந்தான். சாக்லேட் மாதிரி ஒடித்துப் போட வேண்டும். செய்து வைத்தோம். என் மனைவி ஒரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது குழம்பா, கூழா?" என்றாள். புளி கிடையாது, கோதுமை மாவின் கெட்டி, இனிப்பு. ஆனாலும் பேரப்பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள். சொல் நம்முடையது, பொருள் இங்கிலாந்து வழியாகப் போய் வேறாகிவிட்டது. 'ஹொங்கா'வில் இருப்பது ஊகம். 'கரே'யில் இருப்பது தடயம். எந்தக் கப்பல், எந்தக் கடை, எந்த வருடம் என்று சொல்ல முடிகிறது.

பாட்டிலும் அப்படித்தான். ஜப்பானியப் பாட்டு கேட்டால் நம் காதுக்கு அந்நியமாகப் படாது. அவர்களுடைய சினிமாப் பாட்டிலும் மேடைப் பாட்டிலும் அதிகம் வருவது ஐந்து சுர வரிசை, நம் மோகனம். சோகமான பழைய பாணி ஒன்று உண்டு, அது ஏறக்குறையக் கர்நாடக சுத்த சாவேரி. கியூ சகமோட்டோ 1961இல் பாடிய பாட்டு 1963இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது; ஜப்பானியத் தலைப்பு வாயில் நுழையாததால் 'சுகியாகி' என்று பெயர் வைத்து விற்றார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சிக் குழம்பு! நாம் ஒரு சோகப் பாட்டுக்குச் 'சாம்பார்' என்று பெயர் வைப்பது போல. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் பாடிய முல்லைப்பண் மோகனமே என்பது இசை ஆய்வாளர் பலர் முடிவு. ஆனால் மோகனம் சீனத்திலும் உண்டு, ஸ்காட்லாந்து மலையிலும் உண்டு. ஐந்து சுரம் மனிதத் தொண்டைக்கே பொது.

தடயத்தோடு நிற்கும் இசைத் தொடர்பு வேறு. கி.பி. 736இல் போதிசேனர் என்ற பிக்கு ஜப்பான் போய்ச் சேர்ந்தார். தென்னிந்தியர், பாரத்வாஜ குலத்தவர் என்று அந்நாட்டுப் பழைய ஆவணம் கூறுகிறது; மதுரைக்காரர் என்று நம்மவர் சிலர் உரிமை கொண்டாடுகிறார்கள். நாரா நகரத்துப் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறந்து வைத்தவர் அவர். அவரோடு போன சம்பா நாட்டுப் பிக்கு கற்றுக்கொடுத்த இசையும் ஆட்டமும் அரண்மனை இசையில் சேர்ந்தன என்பது அங்கே வழங்கும் வரலாறு. நம் சரஸ்வதி அங்கே பென்சைதென் என்ற பெயரில், வீணைக்குப் பதில் பீவா என்ற வாத்தியத்தோடு இருக்கிறாள்.

இதைவிட எனக்கு வியப்பானது அவர்கள் எழுத்து வரிசை. ஜப்பானியக் குழந்தை படிக்கும் உயிரெழுத்து: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் வாய்பாட்டை யாரோ அங்கே ஒப்பிக்கிற மாதிரி இல்லையா? 'ப' இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'ஹ'. முன்னே சொன்னேனே, பழைய 'ப'தான் 'ஹ' ஆனது என்று. வரிசை அதைக் காட்டிக்கொடுக்கிறது. பௌத்தப் பிக்குகள் மந்திரங்களுக்காக வடமொழி எழுத்தைக் கற்று, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தங்கள் எழுத்தையும் அதே முறையில் அடுக்கினார்கள். போனது தமிழ் வழியாக இல்லை. ஆனாலும் பாரத மண்ணின் ஒலிக்கணக்கு இன்றும் டோக்கியோ அகராதியில் உட்கார்ந்திருக்கிறது.

சினிமாவைச் சொல்லாவிட்டால் நம் செட்டு ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒசாகாவில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சியில் எம்.ஜி.ஆர். படம்பிடித்து, 1973இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. ஜப்பானை நம் ஊர் கண்ணால் கண்டது எம்.எஸ்.வி.யின் இசையோடுதான். கடன் திரும்ப வந்தது 1998இல். ரஜினியின் 'முத்து' டோக்கியோ ஷிபுயா அரங்கில் 20 வாரத்துக்கு மேல் ஓடியது.

இப்போது நான் சொல்ல வந்த இரண்டாவது ஜப்பானியர். நொபொரு கராஷிமா. 1933இல் பிறந்து 2015இல் மறைந்தவர். ஓனோ பெயர் தெரிந்த பத்துப் பேரைக் கேட்டால் இவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம்.

அவர் குடும்பப் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் 'கரா' காரம், 'ஷிமா' தீவு. காரத்தீவு! 'கரா'வும் 'காரமும்' ஒன்று என்று உடனே கைப்பேசியை எடுக்காதீர்கள்; நம் காரமே வடமொழி க்ஷாரத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. பெயருக்கேற்ற மனிதர். மனைவியோடு சேர்ந்து கறியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். இந்தியாவின் பல பகுதிக் கறிகளைத் தேடிப் போன பயணத்தை இன்னொரு நூலாக்கினார். 'ஓயிஷின்போ' என்ற புகழ்பெற்ற சமையல் படக்கதையில் கறி பற்றிய பகுதியில் அவரே ஒரு பாத்திரமாக வருகிறார். ஒரு கல்வெட்டு அறிஞர் படக்கதைக்குள் நுழைவது அந்த நாட்டில்தான் நடக்கும்.

1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தார். தமிழ் ஜப்பானியத்துக்குத் தாயா பிள்ளையா என்ற கேள்வி அவருக்கு இல்லை. சோழர் காலத்தில் நிலம் யார் கையில் இருந்தது? இது ஒன்றுதான் கேள்வி. திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்று இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை எடுத்து, யார் விற்றார், யார் வாங்கினார், எல்லை யாருடைய நிலம் என்று வரிவரியாகப் பிரித்தார். 1966இல் வெளியான அந்தக் கட்டுரை சொன்னது: அல்லூரில் நிலம் பெரும்பாலும் ஊராரின் கூட்டு உடைமை, பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆளின் உடைமை. சோழர் ஆட்சி முடியும் காலத்தில் தனியுடைமை பெருகி, நிலம் சிலர் கையில் குவிந்தது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகளில் காட்டினார். அதுவரை சோழர் வரலாறு என்றால் யார் யாரை வென்றார் என்பதுதான்.

எ. சுப்பராயலு, தோரு மட்சுய் ஆகியோரோடு சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து 1978இல் மதுரையில் மூன்று தொகுதியாக வெளியிட்டார். பெயர்ப்பட்டியல்தானே என்று நினைக்கலாம். கிராம நிர்வாக அலுவலகத்தில் அடங்கல் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பட்டியலை ஒழுங்காக அடுக்கினாலே யார் யாரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்பது புலப்படும். ஒரு பட்டப்பெயர் எந்த நாட்டில், எந்த அரசன் காலத்தில் முளைக்கிறது, எப்போது மறைகிறது என்று எண்ணியே சோழர் அதிகார அமைப்பை அளந்தார்கள்.

நம் பகுதிக்கு வருகிறேன். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் குழு ஒன்று திருச்சி மாவட்டக் கிராமங்களை ஆராய்ந்தது. அப்போது நாம் எல்லாரும் திருச்சி மாவட்டம். அந்த வரிசையில் கராஷிமாவும் சுப்பராயலுவும் 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைப் பற்றி எழுதினார்கள். வெள்ளாற்றங்கரையில் இருக்கும் நம் பெரம்பலூர் மாவட்டத்து ஆடுதுறைக் கல்வெட்டு அதில் ஒன்று. கும்பகோணத்துப் பக்கத்து ஆடுதுறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திருவைகாவூரிலும் கொறுக்கையிலும் இதே விதமான கல்வெட்டுகள் உண்டு.

காலம் 1429ஐ ஒட்டியது. விஜயநகர ஆட்சி. அரசாங்க ஆட்களும் அவர்களோடு கைகோத்த காணியாளரும் வரியென்று கசக்கிப் பிழிந்தார்கள். வலங்கை 98, இடங்கை 98 என்று ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்த பிரிவுகள், முதன்முறையாக ஒரு கூட்டமாகக் கூடின. இன்ன விளைச்சலுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று தாங்களே வரியை வரையறுத்தார்கள். எதிரிக்குத் துணை போகிறவனை நம்மவனாகக் கொள்ளோம் என்று கட்டுப்பாடு செய்தார்கள். அதைக் கோயில் சுவரில் கல்லில் வெட்டினார்கள். பயந்தவன் கல்லில் வெட்டுவானா?

ராஜேந்திரன் கங்கை வரை போனதை நம் ஊரில் குழந்தைகூடச் சொல்லும். அவனுடைய தலைநகரிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரத் தொலைவில், உழுது பிழைத்தவனும் கைத்தொழில் செய்தவனும் சாதிப் பகையை ஒத்திவைத்துவிட்டு வரி தரமாட்டோம் என்று நின்றதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. அதை எடுத்து உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் காரத்தீவுக்காரர்.

மண்பாண்டத்தையும் அவர் விடவில்லை. சீனப் பீங்கான் ஓடுகளைத் தேடித் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் அலைந்தார். ராமநாதபுரத்துப் பெரியபட்டினம் அதில் முக்கியமானது. நம் மாளிகைமேட்டில் 1980 முதல் தொல்லியல் துறை தோண்டியபோதும் சீனப் பீங்கான் துண்டுகள் வந்தன. 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் சோழர் தூதுகள் சீன அரண்மனைக்குப் போனது சீனர் குறிப்பில் இருக்கிறது. தூது எழுத்தில் இருக்கிறது, ஓடு மண்ணில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு.

உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்துக்கு 1989 முதல் 2010 வரை அவர் தலைவர். 1995 தஞ்சை மாநாட்டின்போதும் அவர்தான். 2010இல் கோவையில் மாநாடு நடத்தப் பேச்சு வந்தபோது, ஆய்வு மாநாடு என்றால் தயாராகப் போதிய காலம் வேண்டும் என்று சொல்லி நின்றார். அந்த ஆண்டு ஜூனில் கோவையில் நடந்தது செம்மொழி மாநாடு. அவர் பொறுப்பிலிருந்து விலகினார். நாம் கேட்க விரும்பாததைச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. 2013இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2014இல் அவர் பதிப்பித்த தென்னிந்தியச் சுருக்க வரலாறு ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. அடுத்த ஆண்டு போய்விட்டார்.

ஓனோ நம்மை உறவுக்காரர் என்றார். கராஷிமா நம் பாட்டன் வீட்டுக் கணக்கைத் திறந்து படித்தார். இருவரும் தமிழுக்காகத் தங்கள் ஆயுளைச் செலவழித்தவர்கள்தான். ஒருவரை நெஞ்சில் வைக்கலாம். மற்றவரைப் படிக்க வேண்டும்.

மாசியில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடுதுறை போகலாம் என்று இருக்கிறேன். முந்திரி பூக்கிற நேரம், வழியும் நன்றாக இருக்கும். கூட வருகிறவர்கள் முன்னதாகச் சொல்லுங்கள், வேன் பேச வேண்டும். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து புளிச்சோறு. ஒரு டார்ச் விளக்கு கொண்டுவந்தால் நல்லது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால்தான் கல்லெழுத்து தெரியும்.